வேலிக்குள் நின்ற சந்தனவேம்பு

எண்பதுகளில் ஒரு காலை, ஏலத்தோட்ட ஆட்களோடு போடிமெட்டுக்கு ஜீப்பில் போனேன். ஊட்டி பார்த்துவிட்டு வந்த ஒரு பெண், எதிரே இருந்த மரம்வெட்டியிடம் பேசினாள்.

"அண்ணே, ஊட்டிப் பூங்காவுல நம்ம மலைச் சந்தனவேம்புக்கு வேலி போட்டு, காவலுக்கு ஆளும் வச்சிருக்காங்க. ஏதோ ஒரு வெள்ளக்காரத் தொரை கண்டுபிடிச்ச மரமாம், பலகையில எழுதியிருக்கு."

"தொரைக்கு அதக் காட்டுனதே எங்க தாத்தாவாத்தான் இருக்கும்."

"தாத்தா காட்டுனாரு, பேரன் வெட்டிச் சாச்சுட்டீங்க. நம்ம மலையில இனி ஒண்ணாச்சும் இருக்கா?"

ஜீப்பே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் அவள் பக்கம் குனிந்தார்.

"ஓடைக்கு மேல ஒண்ணு நிக்கிது, ஆத்தா. மொதலாளி வெட்டச் சொன்னாரு. உள்ளுக்குள்ள பொந்து, ஒண்ணுக்கும் ஆகாதுன்னு பொய் சொல்லிட்டேன். யாருகிட்டயும் சொல்லிராத."

ஜீப் இரைச்சலில் அவர் அதைக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. நாங்கள் பதினாறு பேரும் வெளியே வேடிக்கை பார்த்தோம்.