உமிக்குக் கீழே கரி

பெயர்: எழில்மதி. தகப்பனார் பெயர்: செம்பியன். வயது: 18. முகவரி: மேலத்தெரு, திருநள்ளாறு கொம்யூன், காரைக்கால். படிப்பு: பத்தாம் வகுப்போடு நின்றது. தொழில்: எங்கள் ஊர் உமி மின் நிலையத்தில் தினக்கூலி.

விசாரித்தபோது சொன்னதாவது:

சம்பவத்தன்று காலையில் உமிக் குவியல் முழுவதும் தண்ணீர் தெளித்திருந்தோம், ஆனால் நடுவில் ஓரிடம் மட்டும் காய்ந்து கிடந்ததை நான்தான் முதலில் கவனித்தேன். மேஸ்திரி கார்த்திகேசனிடம் மெதுவாகச் சொன்னேன். வெயில் என்றார். அந்தப் பக்கம் அப்போது வெயிலே வரவில்லை.

அந்தக் குவியலில் மேலே மட்டுமே உமி. கீழே நிலக்கரி. அறுவடை முடிந்து உமி வரத்து குறைந்ததும் கீழவாஞ்சூர் துறைமுகத்திலிருந்து லாரிகளில் கரி வரும். கொதிகலனில் அதைத்தான் போடுவார்கள். சரிபார்க்க ஆள் வரும் நாளில் கரியின் மேல் உமியைப் பரப்புவது என்னைப் போன்ற பெண்களின் வேலை. வீட்டுக்குப் போன பிறகும் துப்பினால் எச்சில் கறுப்பாக வரும்.

எதற்காக இது என்று மேலாளர் சோமசேகரன் ஒருமுறை எங்களுக்கு விளக்கியிருக்கிறார். உமியை எரித்து எடுக்கும் மின்சாரம் தனியாக விலை போகும், அது உமியில் வந்தது என்பதற்கான சான்றிதழ் தனியாக விலை போகும் என்றார். வெயில், காற்று, உமி இவற்றிலிருந்து வரும் மின்சாரத்தைக் குறிப்பிட்ட பங்கு வாங்கியே ஆக வேண்டும் என்று சில கம்பெனிகளுக்குச் சட்டம் இருக்கிறது, அந்த மின்சாரம் கிடைக்காத ஊர்களிலுள்ள கம்பெனிகள் இந்தச் சான்றிதழை வாங்கித் தங்கள் பங்கை நிறைவு செய்யலாம், நாட்டின் இலக்கும் அப்படித்தான் எட்டப்படும் என்றார். நல்ல ஏற்பாடு என்றுதான் எனக்குப் பட்டது. எரிந்தது உமியாக இருந்திருந்தால் நல்ல ஏற்பாடுதான்.

அன்று சரிபார்க்க அதிகாரி வரும் நாள். என்னுடன் வேலை செய்தவர் பக்கத்து வீட்டு ராசாத்தி, வயது 46. அவரை அத்தை என்று கூப்பிடுவேன். சாம்பாருக்குக் கொத்தமல்லி தூவுகிற மாதிரி தூவச் சொல்கிறார்களே, வருகிறவர் கிண்டிப் பார்த்தால் என்ன செய்வது என்று அத்தை கேட்டார். அதற்கு மேஸ்திரி, "அவரு சோறு திங்க வரல ராசாத்தி, போட்டோ புடிக்க வர்றாரு" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அதன் பிறகு, காய்ந்த இடத்தை மூடிவிட்டு வருகிறேன் என்று அத்தை குவியலில் ஏறினார். ஏறும் முன் செருப்பைக் கழற்றினார். களத்தில் நெல்லைச் செருப்புக் காலோடு யாரும் மிதிக்க மாட்டோம், உமிக்கும் அப்படித்தான். நடுவில் போனதும் இரண்டு காலும் முழங்கால் வரை உள்ளே இறங்கின. கீழே கரி கனன்றுகொண்டிருந்திருக்கிறது. நானும் இன்னொரு பெண்ணும் அவர் கையைப் பிடித்து இழுத்தோம். பாதத்தின் தோல் உமியோடு வந்தது.

அந்த நேரத்தில் அதிகாரியின் கார் வாசலுக்கு வந்துவிட்டது. மேலாளர் சொன்னபடி அத்தையைச் சாம்பல் கொட்டகைக்குப் பின்னால் தூக்கிப் போனார்கள். கத்தாமல் இருக்க அவர் வாயில் துண்டை வைத்தார்கள். குழி விழுந்த இடத்தில் இரண்டு கூடை உமி கொட்டினார்கள். அதிகாரி இளநீர் குடித்தார், குவியலைப் படம் எடுத்தார், பிறகு மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு என்ன வாடை என்று கேட்டார்.

"பக்கத்துல கருவாடு சுடுறாங்க சார்" என்றார் மேலாளர்.



அதிகாரி போன பிறகுதான் அத்தையை மேலாளரின் காரில் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள், நானும் கூடப் போனேன். வீட்டில் கொதிக்கும் கஞ்சி கொட்டிவிட்டது என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உன் மகனுக்கும் இங்கே வேலை இருக்காது என்று மேலாளர் காரிலேயே சொல்லிவிட்டார். கம்பெனியில் நடந்தது என்று மருத்துவமனையில் எழுதாவிட்டால் அத்தைக்கு நஷ்டஈடு கிடைக்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அத்தை கஞ்சி என்றே சொன்னார்.

நர்ஸ் புண்ணிலிருந்து கறுப்புத் துணுக்குகளை இடுக்கியால் எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே, "கஞ்சியில இவ்வளவு கரி எப்படிம்மா வரும்?" என்று கேட்டார்.

அடுப்புக் கரி என்றார் மேலாளர். அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டார். வேற்று மனிதர்கள் முன்னால் எனக்குப் பேச வராது. அப்போது பேசினேன்.

"கஞ்சி இல்லங்க. கம்பெனிக் குவியல்ல கால் உள்ள போயிடுச்சு. மேலதான் உமி, அடியில நிலக்கரி."

மேலாளர் என்னைப் பார்த்து, "வாயே தொறக்காத புள்ளைன்னுல்ல உன்ன வேலைக்கு வச்சேன்" என்றார்.

நான் நர்ஸிடம், சொன்னதை எழுதிக்கொண்டீர்களா என்று கேட்டேன். எழுதியதைக் காட்டினார். அதன் பிறகு பஸ் ஏறி இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

உதவி ஆய்வாளர் அம்மா எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் கண்டதும் சொன்னதும் இவைதான், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

(ஒப்பம்) செ. எழில்மதி