ஏழாம் படி

வெயில் காலத்தில் கிரிவலம் போகிறவர்கள் புறப்படுவதற்கு முன் உள்ளங்காலில் கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவிக்கொள்வது நல்லது. பத்து மணிக்கே தார் ரோடு கொதிக்க ஆரம்பித்துவிடும். செருப்புப் போடக் கூடாது என்பதால், பழக்கமில்லாதவர்கள் பாதி வழியில் நொண்டுவார்கள். நான் அன்று எண்ணெய் தடவிக்கொள்ளவில்லை, ஐயா. ஆகவே எல்லாவற்றையும் முன்கூட்டித் திட்டமிட்டேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது பிழை.

என் பெயர் அருணகிரி. வயது நாற்பத்து நான்கு. உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறேன். ஊரில் யாரைக் கேட்டாலும் 'ஏழு படி வாத்தியார்' என்று சொல்வார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் இராமலிங்கம் சார் எப்படிச் செத்தார் என்பது உங்களுக்குப் புரியும்.

எழுபத்தேழாம் வருஷம் சென்னையில் டி.வி.யில் 'ஏழு படி' என்று ஒரு கேள்வி பதில் போட்டி நடத்தினார்கள். மரத்தால் ஏழு படிகள் செய்து வைத்திருப்பார்கள். ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால் ஒரு படி ஏறலாம். தப்பாகச் சொன்னால் ஏறிய படிகளையெல்லாம் ஒவ்வொன்றாக இறங்க வேண்டும், படிக்கு ஒரு மணி அடிப்பார்கள். நான் கார்டு எழுதிப் போட்டேன், கூப்பிட்டார்கள். ஆறு படி ஏறினேன். ஆறாவது கேள்விக்கு நான் யோசிக்கவேயில்லை. நடத்தியவர் 'பலே' என்றார்.

ஏழாவது கேள்வி, மலையைச் சுற்றியுள்ள எட்டு லிங்கங்களை இந்திர லிங்கத்திலிருந்து வரிசையாகச் சொல்ல வேண்டும் என்பது. எங்கள் ஊர்க் கேள்வி. எனக்காகவே வைத்தார்களோ என்னவோ. ஆனால் ஐயா, நீங்கள் வெளியூர், உங்களுக்குத் தெரியாது. மலை சுற்றுவது அப்போதெல்லாம் பெரும்பாலும் வெளியூர்க்காரர்களின் வேலை. பிறந்ததிலிருந்து காலையில் கதவைத் திறந்தால் மலை. அதைப் போய்ச் சுற்றுவானேன்? முப்பத்து நான்கு வயது வரை நான் ஒரு தடவைகூடச் சுற்றியதில்லை. இந்திரன், அக்னி, யமன், வருணன் என்று சொன்னேன். நிருதி லிங்கத்தை விட்டுவிட்டேன். நடத்தியவர் சிரித்துக்கொண்டே, 'திருவண்ணாமலைக்காரரா இப்படி?' என்றார். உட்கார்ந்திருந்த கூட்டமும் சிரித்தது. ஆறு தடவை மணி அடித்தார்கள். நான் இறங்கினேன்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினால், எங்கள் தலைமை ஆசிரியர் அப்பாசாமி பத்துப் பிள்ளைகளோடு நிற்கிறார்.

"கடைசியா என்ன கேட்டான் வாத்தியாரே?" என்றார்.

"அஷ்டலிங்கம் சார்."

"அஷ்டலிங்கமா? அட, அப்ப ஜெயிச்சிட்டீங்கன்னு சொல்லுங்க!" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் கை தட்டின. யாரோ மாலை போட்டார்கள். நான் ஜெயித்தேன் என்று என் வாயால் சொல்லவில்லை, ஐயா. அவர் சொன்னார், நான் மறுக்கவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பது உங்கள் தொழிலில் உங்களுக்கே தெரியும்.

எங்கள் ஊரில் அன்று டி.வி. இருந்த வீடு ஒன்றுகூடக் கிடையாது. சென்னைப் படம் இங்கே எட்டாது. நிகழ்ச்சியை யாரும் பார்க்கவில்லை. பரிசு எங்கே என்று நச்சரித்தார்கள், பார்சலில் வரும் என்றேன். அடுத்த மாதம் சென்னைக்குப் போய் ஒரு பித்தளைக் கோப்பை வாங்கி, பெயர் வெட்டிக்கொண்டு வந்தேன். அது இன்றும் தலைமை ஆசிரியர் அறையில் கண்ணாடி பீரோவில் இருக்கிறது. அந்தக் கோப்பையைப் பார்த்துத்தான் ரேணுகாம்பாளின் அப்பா எனக்குப் பெண் கொடுத்தார். அஷ்டலிங்கம் சொல்லி ஊர் மானத்தைக் காப்பாற்றினவன் மலை சுற்றாமல் இருந்தால் நன்றாயிருக்காது. அன்றிலிருந்து ஒரு பௌர்ணமியும் தவறவிட்டதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும், ஐயா. பத்து வருஷம் மறைத்தேன். சோறு நிறைய இருந்தால் போதும்.

இராமலிங்கம் சார் சென்னையில் டி.வி. இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு, எண்பத்து நான்கில் இங்கே வந்து ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, செங்கம் ரோட்டில் ஒரு வீட்டை வாங்கினார். முன்னறையில் பழைய வால்வு ரேடியோக்கள், ஒரு கேமரா. பின்னால் நாடா அறை. அந்தக் காலத்தில் பழைய ஒளிநாடாவின் மேலேயே புதியதைப் பதிவு செய்வது எல்லா இடத்திலும் வழக்கம். அதனால் ஒரு தடவை காட்டியதை மறுபடி பார்க்கவே முடியாது. இவர் மட்டும் சொந்த இயந்திரத்தில், சொந்த நாடாவில், பிடித்த நிகழ்ச்சிகளுக்குப் பிரதி எடுத்து வைத்திருந்தார். ஏறக்குறைய அறுபது. பெரும்பாலும் போட்டி நிகழ்ச்சிகள். வாசலில் 'ஒளிபரப்பு அருங்காட்சியகம்' என்று போர்டு மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒன்றைப் போடுவார். ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் நாலு பேர், கல்லூரிப் பிள்ளைகள் சிலர், பாய் விரித்து உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒரு நாடாவில், கண்ணைக் கட்டிவிட்டால் அரிசியைக் கடித்துப் பார்த்தே ரகம் சொல்கிற ஓர் அம்மாள் வருவாள். ஒன்பது ரகத்தில் ஒன்றுகூடத் தப்பவில்லை. கட்டை அவிழ்த்ததும் கேமராவைப் பார்த்து, 'முடிஞ்சிடுச்சா?' என்பாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறெரியும். எவ்வளவு சுலபமாக ஜெயித்துவிட்டாள்!

நான் அங்கே சம்பளமில்லாமல் வேலைக்குப் போனது என் நாடாவைத் தேடித்தான். இரண்டாவது வாரமே கிடைத்துவிட்டது. அதை எடுத்து, 'பயிர்ப் பாதுகாப்பு' என்று வேறு சீட்டு ஒட்டிக் கீழ்த் தட்டில் வைத்தேன். யாரும் அதைக் கேட்கமாட்டார்கள்.

ஏன் அழிக்கவில்லை என்று நேற்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. இயந்திரத்தில் மாட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது. ஆனால் முதல் ஆறு படிகளை நீங்கள் பார்க்க வேண்டும், ஐயா. கை கட்டாமல், குனியாமல், நிமிர்ந்து நிற்கிறேன். கேள்வி முடிவதற்குள் பதில் வருகிறது. அப்படி ஒருவன் இருந்தான் என்பதற்கு உலகத்திலேயே அது ஒன்றுதான் அத்தாட்சி. வியாழக்கிழமைகளில் அவர் ஆசிரமத்துக்குச் சாப்பிடப் போனதும், நான் தனியாகப் போட்டுப் பார்ப்பேன். ஆறாம் படியில் நிறுத்திவிடுவேன். எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடிக்கும். அவனை எப்படி அழிப்பது?

போன வாரம் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று இராமலிங்கம் சார் கீழ்த் தட்டு நாடாக்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்திருக்கிறார். நான் போனதும் சின்னப் பிள்ளை மாதிரி ஓடி வந்தார்.

"வாத்தியாரே, உங்க நிகழ்ச்சி கிடைச்சிடுச்சு! எந்த மடையனோ சீட்ட மாத்தி ஒட்டி வச்சிருக்கான். மொதல்ல உங்க பேரும் தேதியும் வருது பாருங்க, அதோட நிறுத்திட்டேன். மிச்சத்த எல்லாரோடயும் சேந்துதான் பாக்கணும். ஞாயித்துக்கெழம போடறோம். எச்.எம்.கிட்ட சொல்லிட்டேன். உங்க வீட்டம்மாகிட்டயும் சொல்லியாச்சு."

வீட்டுக்குப் போனால், ரேணுகாம்பாள் பெட்டியிலிருந்து கல்யாணப் புடவையை எடுத்து வெயிலில் போட்டிருந்தாள். "பத்து வருஷமா ஊரே சொல்லுது, நான் ஒரு தபா பாக்கலியேன்னு இருந்துச்சுங்க. எங்கப்பா இருந்திருந்தா எவ்ளோ சந்தோசப்பட்டிருப்பாரு" என்றாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பயமாக இருந்தது. திருட்டில் மாட்டுகிறவன்கூட ஜெயிலுக்குப் போய் மறைந்துகொள்ளலாம். நான் அவளோடு அதே வீட்டில் இருக்க வேண்டும்.

புதன்கிழமை பௌர்ணமி. கத்திரி வெயில், பள்ளிக்கூடம் லீவு. ஒன்பதரை மணிக்கு அங்கே போனேன். இராமலிங்கம் சார் நாடா அறைக்குள் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைக்காக என் நாடாவைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த அறை எட்டடிக்கு ஆறடி. ஜன்னல் கிடையாது. மேலே மெல்லிய ஒற்றைத் தளம், வெயில் அப்படியே இறங்கும். தூசியும் ஈரமும் வராமலிருக்க இரும்புக் கதவு, ஓரமெல்லாம் ரப்பர் பட்டை, வெளிப்பக்கம் மட்டும் தாழ்ப்பாள். உள்ளே ஒரு ஏ.சி. ஓடும்.

"சார், ஞாயித்துக்கெழம வேணாமே. எனக்குக் கூச்சமா இருக்கு" என்றேன். உண்மையாகவே கெஞ்சினேன்.

"ஜெயிச்சவருக்கு என்னாத்துக்குக் கூச்சம்? போங்க வாத்தியாரே" என்று சிரித்தார். பிறகு, "கதவ சாத்துங்க, தூசி வருது" என்றார்.

சாத்தினேன். கதவைச் சாத்தினால் தாழ்ப்பாளும் போட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்தான். அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறார், நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெளியே போகிறவர்கள் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதும் அதே அட்டையில் இரண்டாவது வரி. நான் வெளியே போகிறவன், அணைத்தேன். முன்னறை மேசைமேல் அவருடைய மாத்திரை டப்பா இருந்தது. நெஞ்சு அடைத்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிற மாத்திரை. அதை நான் தொடவில்லை.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தேன். கொஞ்ச நேரத்தில் யம லிங்கம். அங்கேயே திரும்பியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். கிரிவலம் புறப்பட்டவன் பாதியில் திரும்பக் கூடாது, ஐயா. அது அபசாரம். இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். வேகமாகவாவது நடந்திருக்கலாமே என்றால், நிறைமாதக் கர்ப்பிணி நடக்கிற மாதிரி மெதுவாகத்தான் நடக்க வேண்டும் என்பதும் பெரியவர்கள் சொன்னதுதான். ஒவ்வொரு லிங்கத்திலும் நின்று, விபூதி பூசிக்கொண்டு, பெயரை வாய்விட்டுச் சொன்னேன். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

அடி அண்ணாமலையில் கடை வைத்திருக்கும் சரசு என்னைப் பார்த்துவிட்டு மோர் கொண்டுவந்தாள்.

"என்னா வாத்தியாரே, இந்த வெயில்ல? எல்லாரும் சாய்ந்தரம்தான வருவாங்க? ஞாயித்துக்கெழம டி.வி.யில வரீங்களாமே. கடைய சாத்திட்டு நானும் வரேன்."

"வாம்மா" என்றேன். இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன். மோரில் உப்பு கொஞ்சம் ஜாஸ்தி.

சாயங்காலம் ஏழு மணிக்குக் கதவைத் திறந்ததும் நான்தான், தெருவில் ஓடி ஆள் கூப்பிட்டதும் நான்தான். தாழ்ப்பாள் தானாக விழுந்திருக்கும், வயசானவர், வெக்கை தாங்கவில்லை என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முன்னறையில் அனுதாபக் கூட்டம் நடந்தது. அப்பாசாமி சார் அழுதார். ரேணுகாம்பாள் அந்தப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு வந்தாள். "பாவங்க அவரு. நீங்க ஜெயிச்சத பாக்காமலே போயிட்டாரு" என்றாள். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. நல்ல மனிதர்.

நாடா இப்போது உங்கள் ஸ்டேஷனில் இருக்கிறது என்கிறீர்கள். வெயில் படாத இடத்தில் வையுங்கள். பார்ப்பதானால் ஆறாம் படியோடு நிறுத்திவிடுங்கள்.

இனி நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி. சரசு என்னைக் காலையில் ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறாள். அவள் பொய் பேசுகிறவள் அல்ல. என் காலில் இருக்கிற கொப்புளங்களையும் நீங்கள் பார்த்துவிட்டீர்கள். ஒரு சுற்றுக்கு இவ்வளவு வராது.

முதல் சுற்று முடிந்து திரும்பும்போது மணி இரண்டு. நாலரை மணி நேரம் ஆகியிருந்தது. எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்துத்தான் நாடா அறைக்குப் போனேன். கதவில் தட்டுகிற சத்தம் கேட்டது. பலமாக இல்லை. இரண்டு தட்டு, பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை, மறுபடி இரண்டு தட்டு. என் காலடிச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். "வாத்தியாரே, வந்துட்டீங்களா" என்றார். அந்த நேரத்திலும் மரியாதையாகத்தான் கூப்பிட்டார். தாழ்ப்பாளில் கை வைத்தேன். சூடாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டேன். குழாயடியில் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு, மறுபடியும் மலை சுற்றப் புறப்பட்டேன்.

முதல் சுற்று எனக்காகப் போனது, ஐயா, அதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது சுற்றை, அவர் ரொம்பக் கஷ்டப்படக் கூடாது என்று அவருக்காக வேண்டிக்கொண்டுதான் நடந்தேன்.