ஆறாவது பிளேட்டு

— எட்டி சுகிர்தம், தங்கப்பன் வண்டிய நிறுத்திக்கிட்டு ரோட்டுல நிக்கான். ஆறு பாட்டுப் பிளேட்டு வச்சிருந்தேன், அஞ்சுதான் இருக்கு. அம்மைப்பாட்டு எங்க?

— எனக்கென்ன தெரியும்? உங்க லீலாபாய்கிட்ட கேளுங்க.

— அவ அவளுக்க ஊருல, திருப்புறத்துல இருக்கா. அவளுக்கு எப்படித் தெரியும்?

— ஏன், இந்த வீட்டுல அவளுக்குத் தெரியாதது என்ன உண்டு? சுக்கு இருக்க இடம் தெரியும், பனங்கற்கண்டு இருக்க இடம் தெரியும். பாட்டுப் பதிஞ்ச மூணு நாளும் அவ தொண்டைக்கு சுக்குவெந்நி காச்சினவ நானாக்கும். ஒரு நாளாவது எனக்க தொண்டைக்கு ஒரு மொடக்கு வச்சுத் தந்தியளா, ராஜதாஸ் வாத்தியாரே?

— கேளு பிள்ளே. சண்டையப் பெறவு வச்சுக்கலாம். நாளைக்கு மறியல். நம்ம பாறசாலையில ஒரு வண்டி ஓடாது. இன்னைக்கே நாகர்கோவில்ல கொண்டு குடுத்தாத்தான் மெட்ராசுக்கு அச்சடிக்கப் போவும். தமிழ்நாட்டோட சேரணும்னு எல்லைப் பாட்டுன்னதும் கம்பெனிக்காரன் ஒருத்தனும் தொடல்ல. நாமளா எறங்கிச் செய்யது இது. ஆறும் சேந்தாத்தான் ஆல்பம்.

— ஆல்பம்! கல்யாணப் படத்துக்குக்கூட ஒரு ஆல்பம் வாங்கித் தராத ஆளு.

— பிளேட்டு எங்கட்டி?

— அரிசிப்பானைக்குப் பொறத்த.

— ...சுகிர்தம். இதென்ன? இந்தக் கோடு?

— கீறல்.

— அது தெரியுது. ஆரு கீறினா?

— நான்தான். கொண்டை ஊசியால.

— கர்த்தாவே.

— கர்த்தாவக் கூப்பிடாதிய. அவருக்கும் தெரியும், எனக்குப் பொறுக்கல்லன்னு.

— என்ன பொறுக்கல்ல?

— நேத்து நீங்க போராட்ட யோகத்துக்குப் போனப்பம் அடுத்த வீட்டு விஜயம்மாக்க பாட்டுப்பெட்டியில வச்சுக் கேட்டேன்.

— பாட்டுப்பெட்டியிலயா! இது மெழுகு மாதிரி, ஊசி பட்டா போச்சுன்னு பாட்டுப் பதிஞ்ச மிஷின்காரரு படிச்சுப் படிச்சு சொன்னாரே! ஆசைய அடக்கிக்கிட்டு நான்கூட ஒரு தடவ கேக்கல்ல.

— கேக்காத வரைக்கும் நல்லதாப் போச்சு. கேட்டிருந்தா திருப்புறத்துக்கே குடிபோயிருப்பிய.

— மத்த அஞ்சையும் கேட்டியா?

— இல்ல. இது ஒண்ணுதான். இது எனக்குள்ள பாட்டு. குழித்துறையில இருக்க எனக்க அம்மைய நெனச்சு எழுதினேன்னு சொன்னது நீங்கதான? "கோடு கிழிச்சவனுக்கு கெட்டிக்குடுத்த மக உண்டோ"ன்னு முதல் வரி பாடிக் காட்டினப்பம், சோறு வெளம்பின கரண்டியோட நின்னு அழுதவ நானில்லியா? பெறவு அதத் தூக்கி அவகிட்ட குடுத்திய.

— அவளுக்கு சுதி நிக்கும்.

— சுதி! அவளுக்க அம்மை அவ வீட்டுக்கு அடுத்த வீட்டுல இருக்கா. நாளைக்கு எல்லையப் போட்டா அவளுக்கென்ன போச்சு? பாறசாலை இங்கயும் குழித்துறை அங்கயும் ஆனா எனக்காக்கும் போவும். அப்படிப்பட்டவ எப்படிப் பாடியிருக்கா தெரியுமா?

— எப்படி?

— சவம், சொல்ல மாட்டேன்.

— சொல்லு. இனி அதக் கேக்க வேற வழியில்ல. கேட்ட ஆளு நீ ஒருத்திதான்.

— ..."மக உண்டோ"ன்னு கேக்கல்லியா, அந்த இடத்துல குரலு உள்ள போயிட்டு வருது. அழல்ல. அழுகைய முழுங்கிட்டுப் பாடுகா. கேட்ட ஒடனே எனக்க அம்மை படிவாசல்ல வந்து நின்ன மாதிரி இருந்துது. அடப்பாவி, எனக்க துக்கம் எனக்குள்ளதுன்னுல்லா நெனச்சிருந்தேன். அதையும் அவ எடுத்துக்கிட்டாளேன்னு தோணிச்சு.

— விஜயம்மா வல்லதும் சொன்னாளா?

— அவ எனக்க கையப் பிடிச்சிக்கிட்டு, "எட்டி, கொள்ளாமே, நல்லாருக்கே"ன்னு கண்ணத் தொடச்சா. என்னைய ஆறுதல் படுத்துகாளாம்! அந்தக் கையத் தட்டிட்டு வீட்டுக்கு வந்துதான் கொண்டை ஊசிய எடுத்தேன்.

— இந்தப் பாட்டையா கீறின?

— அடிக்கணும்னா அடிங்க.

— லீலாபாய் இதுல பாடல்லட்டி.

— என்ன?

— முதல் அஞ்சும் அவதான். மூணாம் நாளு ரோட்ட அடைச்சதுல சாயங்காலமாக்கும் வந்து சேந்தா. அதுக்குள்ள வெறும் பிளேட்டு தீந்துபோச்சு. நீ காச்சின சுக்குவெந்நியக் குடிச்சிட்டு அவ அப்படியே திரும்பிப் போனா.

— பின்ன இது? இன்னொருத்தியா? லீலாபாய் போதாதுன்னு இன்னொருத்தியும் உண்டா உங்களுக்கு?

— கேளு. அவ பாடினப்பம் நான் ஆர்மோனியத்த நிறுத்திட்டேன். எனக்கு வாசிக்க ஒக்கல்ல. மிஷின்காரரு மலையாளியாக்கும், காதுல மாட்டியிருந்ததக் கழட்டிட்டு, "இனி ஆரும் பாடண்டா, இது மதி, போதும்"ன்னாரு. எனக்க மெட்டப் பத்தி ஒரு வாக்கு சொல்லல்ல. எனக்கும் பொறுக்கல்ல. அதனாலதான் உங்கிட்ட சொல்லாம இருந்தேன். பதினோரு வருசமா அவளப் பின்பாட்டுக்கு நிறுத்தி, உனக்க குரலு பிளேட்டுக்கு ஆவாதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தவன் நானில்லியா?

— எவ அவ? பேரச் சொல்லுங்க. இப்பம் சொல்லணும்.

— அன்னைக்குக் காலம்பற மிஷின் ஓடுதான்னு பாக்க ஆராவது ஒரு பாட்டுப் பாடுங்கன்னு அவரு கேட்டப்பம், இதையே பாடிட்டு, அடுப்புல கஞ்சி பொங்குதுன்னு ஓடினியே, அதாக்கும் இந்தப் பிளேட்டு.