நாக்கில் ஒட்டும் மணி

காப்பிக்கு நன்றி சார். அரியலூர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், இவ்வளவு நல்ல காப்பி இங்கே அபூர்வம்.

ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் ஆலையில் சிலிக்கா ஜெல் செய்கிறோம். மருந்து டப்பாவுக்குள் ஈரத்தைக் குடிக்கப் போடும் சின்னச் சின்ன மணிகள். கண்ணுக்குத் தெரியாத துளைகள் அதில் கோடிக்கணக்கில் உண்டு. ஆசிட் கலந்த தண்ணீரில் கழுவினால் துளை சிறுக்கும், அமோனியா கலந்த வெந்நீரில் ஊறினால் பெருக்கும். மருந்துக்குச் சின்னத் துளைதான் வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் எம்.எஸ்சி. படித்த என்னை 1979இல் வேலைக்கு எடுத்தார்கள்.

துளையை அளக்க எனக்கு இரண்டு நாள் ஆகும். கழுவும் தொட்டியில் வேலை செய்த கொளஞ்சியம்மாள் ஒரு மணியை நாக்கு நுனியில் வைப்பாள். இறுகப் பிடித்தால் சின்னத் துளை, பிடிக்காவிட்டால் பெரிய துளை. கைநாட்டுதான், ஆனால் ஒருமுறையும் தப்பியதில்லை. போன மாசியில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பவிருந்த சரக்கை, "இது புடிக்கலங்க, தொளை பெருசாயிருச்சு" என்றாள். மறுபடி அளந்தேன். அவள் சொன்னதுதான் சரி. அதிலிருந்து ஒவ்வொரு தொட்டிக்கும் முதலாளி என் முன்னாலேயே, "கொளஞ்சி என்னய்யா சொல்லுச்சு?" என்று கேட்பார். எனக்கு வயிறு எரிந்தது, அதை நான் மறைக்கவில்லை.

நாக்கில் வைப்பது ஆபத்து என்று எத்தனையோ முறை எச்சரித்தேன். "ஒண்ணும் ஆவாதுங்க சார்" என்று சிரித்தாள். யாராவது புரியவைத்தாக வேண்டியிருந்தது.

ஒரு கைப்பிடி மணியைத் தனியே எடுத்துத் துளையைப் பெருக்கினேன். நான் நினைத்த அளவு அப்படியே வந்தது என் வேலையில் அந்த ஒரு முறைதான். பிறகு வீரியமான ஆசிட்டில் ஊறப்போட்டேன்; அதை முழுக்கக் குடித்துவிட்டும் வெளியே காய்ந்த மணியாகவே தெரிந்தது.

கரண்டியில் வைத்து நீட்டினேன். வாங்கியவள் தயங்கினாள். "கனக்குதுங்களே சார்" என்றாள். அதையும் சரியாகத்தான் சொன்னாள்.

"நான்தானே குடுக்குறேன், வாயில போடு" என்றேன். நான் சொன்னதால் போட்டாள்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். பேச்சு மட்டும் இனி வராதாம்.

உங்கள் ஏட்டு 'வன்மம்' என்று எழுதியிருக்கிறார். அதை அடித்துவிட்டு, 'பாதுகாப்புக்காகச் செய்தது' என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு மணியே போதும் என்று எனக்குத் தெரியும் சார். ஐந்து வைத்தேன். அவள்மேல் அக்கறை இல்லாதவன் ஒன்றோடு விட்டிருப்பான்.