சாம்பல் டயல்

இல்ல தம்பி, திருப்பிக் குடுக்க வரல. பில்லெல்லாம் தேட வேண்டாம். இந்த வாட்சோட சத்தத்தைக் கொஞ்சம் கூட்ட முடியுமான்னு கேக்கத்தான் வந்தேன். இந்தப் பட்டனைத் தள்ளினா மணி எத்தனைன்னு அடிச்சுச் சொல்லுதே, அந்தச் சத்தத்தை.

ஆமா, புதுசுதான். வந்து பதினஞ்சு நாள் ஆகுது. என் வீட்டுக்காரர் ஆறு வருஷம் முன்னாடியே பேர் எழுதி வச்சுட்டுக் காத்திருந்தார்.

வாங்கினவங்க எல்லாருமே குறை சொல்றாங்களா? சொல்லுவாங்க. எங்க வீட்டுலயே ஒரு பஞ்சாயத்து நடந்துச்சே. அவரோட வாட்ச் கூட்டாளிங்க மூணு பேர், மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை வருவாங்க. ஒரு பல் டாக்டர், ஒரு வக்கீல், ஒரு லாரி கம்பெனிக்காரர். கண்ணுல லென்ஸை இடுக்கிக்கிட்டு அவங்க வாட்ச் பாக்குறதைப் பாக்கணுமே, கள்ள நோட்டு பிடிக்கிற கேஷியர் தோத்துடுவார்.

வக்கீலும் இதையேதான் வாங்கியிருந்தார். கம்பெனி விளம்பரப் புத்தகத்துல நீல டயலைக் காட்டிட்டு, கைக்கு வரும்போது எல்லாருக்கும் சாம்பலை அனுப்பிட்டாங்களேன்னு பொருமினார். லாரிக்காரர், இது வாட்சா, மாவு டப்பாவா, இவ்வளவு தடியா இருக்கேன்னார். பல் டாக்டர் பட்டனைத் தள்ளிக் கேட்டுட்டு, தலகாணிக்கு அடியில ஸ்பூனைத் தட்டுற மாதிரி இருக்குன்னார். ஒரே சிரிப்பு.

என் வீட்டுக்காரர் அப்போ தன்னோடதை எடுத்துட்டு வர மாடிக்குப் போயிருந்தார். வந்து உக்காந்து, ஜன்னல் வெளிச்சத்துல லென்ஸ் வச்சு ரொம்ப நேரம் பாத்தார். எல்லாம் சரி, இந்த நீலம்தான் கொஞ்சம் தூக்கலா இருக்கு, கண்ணை உறுத்துதுன்னார்.

எதுக்கும் மல்லுக்கு நிக்கிற வக்கீல் டீ கப்பையே பாத்துட்டிருந்தார். பல் டாக்டர்தான், ஆமாப்பா, கொஞ்சம் தூக்கல்தான்னார்.

உங்களுக்கு உடனே புரிஞ்சிடுச்சு, பாருங்க. எனக்கு ஆறு வருஷம் ஆச்சு.

மணியடிக்கிற வாட்சே அவருக்குப் பிடிக்காது. விளையாட்டுச் சாமான்னு கேலி பண்ணுவார். அப்படிப்பட்டவர் இதுக்குப் பேர் எழுதி வச்சப்போ, வயசாகுது, ஆசை மாறுதுன்னு நானும் விட்டுட்டேன். கண் டாக்டர்கிட்ட தனியாப் போயிட்டு வந்ததும் அதே வாரம்தான். கண்ணாடி பவர் ஏறியிருக்குன்னு மட்டும் சொன்னார். வண்டி ஓட்டுறதை விட்டப்போ முதுகு வலின்னார். பேப்பர் படிக்கிறதை விட்டப்போ, எல்லாம் பொய்ச் செய்தின்னார். நானும் நம்பினேன்.

இப்போ பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு இதைக் காதோரம் வச்சுத் தள்ளித் தள்ளிப் பாக்குறார். அப்புறம் வெளிய வந்து, என்னம்மா, சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சான்னு சும்மா கேக்குற மாதிரி கேக்குறார். நானும் சும்மா சொல்ற மாதிரி மணியைச் சொல்லிடுறேன்.

முடியாதா? இதுக்கு மேல வராதா?

சரி, விடுங்க. பெட்டியில வச்சுக் குடுத்துடுங்க. பட்டை இறுக்குது, ஒரு ஓட்டை போட்டுட்டு வர்றேன்னு சொல்லி அவரை வெளிய பெஞ்சுல உக்கார வச்சிருக்கேன். அதனால ஒரே ஒரு ஓட்டை மட்டும் போட்டுடுங்க. ஒருவேளை அவரே எழுந்து உள்ள வந்து டயலைப் பத்திப் பேச்செடுத்தா, நீலம்னே சொல்லிடுங்க தம்பி.