இடது ஓரம்

சுவரில் படம் கோணலாகத் தொங்கினாலே எனக்குச் சாப்பாடு இறங்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. நீங்கள் வெளியே போயிருந்தபோது உங்கள் மேஜைக் காகிதங்களை ஓரம் பார்த்து அடுக்கிவைத்தது நான்தான்.

மருத்துவமனையின் மருந்து அளவுக் கையேட்டை லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் கோப்பது என் வேலை. எழுதித் தருவது மருந்தாளர் அம்மா. சில நாளாகக் காலையில் கோப்பைத் திறந்தால் வரிகள் வலப்பக்கம் நகர்ந்து மாடிப்படி கட்டியிருந்தன. அதில் கைவைப்பது நாங்கள் இருவர்தான். யாராயிருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். அம்மா எப்போது வருகிறார், எப்போது எழுந்து போகிறார் என்று மூன்று வாரம் குறித்துவைத்தேன். கடைசியில் பார்த்தால், என்டர் தட்டும்போதெல்லாம், தட்டச்சு செய்யும் எடிட்டர் மென்பொருளே தானாக வரியின் முன்னால் இடம் விட்டிருக்கிறது.

இதைத் துறைக் கூட்டத்தில் நாற்பது நிமிடம் படங்களோடு விளக்கினேன்.

"அண்ணே, அச்சுல வராத இடைவெளிக்கா இவ்ளோ பாடு? அண்ணி உங்ககூட எப்படித்தான் குடும்பம் நடத்துறாங்களோ," என்றார் அம்மா. கண்காணிப்பாளர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

அந்தத் தானியங்கி வசதியை நிறுத்தினேன். பழைய வரிகளை நேராக்க, முழுக் கோப்பையும் ஒரே கட்டளையில் திரும்ப அடுக்கினேன். அதில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. அம்மா தன் நினைவுக்காகச் சதவீதக் குறி போட்டு ஒரு குறிப்பு எழுதியிருந்தார். அந்தக் குறிக்குப் பிறகு வரி முடியும்வரை எதுவும் அச்சில் வராது. கட்டளை அடுத்த வரியையும் இழுத்து அதோடு ஒட்டிவிட்டது. அடுத்த வரி, 'குழந்தைகளுக்குக் கால் பங்கு மட்டும்.'

"எல்லாம் அப்படியே இருக்குல்லண்ணே? கையெழுத்துப் போட்டுடவா?"

"ஒரு எழுத்துகூட மாறலம்மா."

அது பொய் இல்லை. கோப்பில் அத்தனை எழுத்தும் இருக்கின்றன, எண்ணிப் பாருங்கள்.

கையேடு வந்த எட்டாம் நாள் மூன்றாவது வார்டில் அந்த ஆறு வயதுப் பெண்குழந்தை இறந்தது. மருந்தாளர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். கையெழுத்து அவருடையது, முறைதான். நானும் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் உங்கள் அறிக்கையில் 'கவனக்குறைவால் ஒரு வரி விடுபட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். என் கோப்பில் எதுவும் கவனக்குறைவால் விடுபடாது, ஐயா. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

அந்த வரி இல்லாததைச் செவ்வாய்க்கிழமை காலையிலேயே மாதிரிப் பக்கத்தில் பார்த்துவிட்டேன். வியாழக்கிழமைதான் அச்சுக்கு அனுப்பினேன். கண்டுபிடிக்கட்டும் என்று அம்மாவுக்கு முழுசாக இரண்டு நாள் அவகாசம் கொடுத்தேன். ஒரு மனிதன் இதற்கு மேல் எவ்வளவுதான் விட்டுக்கொடுப்பான்?