விஜிதாவின் பெயரில் திறந்த கதவு

இரவு ஒன்றரை மணி. தெமோதரைக்கு மேலே, தேயிலைக்கு நடுவே ஏறும் ஒற்றைப் பாதை. பேய் மழை… சிரிக்காதீர்கள், மழையைத்தான் சொல்கிறேன். கிட்டே வந்து உட்காருங்கள்.

அந்தப் பாதையின் முடிவில் ஒரு மருந்துக் களஞ்சியம். இரவுக் காவல், என் நண்பன் ரமேஸின் தாய்மாமா கந்தப்பன். அங்கே சாவி கிடையாது. வேலை செய்பவர்கள் போனில் ஒரு பொத்தானை அழுத்திக் கதவருகே காட்ட வேண்டும். 'டிக்'கென்று திறக்கும். காவல் கூண்டிலுள்ள திரையில் பெயர் விழும். இரண்டடி தள்ளி நின்றாலும் வேலைக்காகாது. காவல்காரருக்கு மட்டும் அந்த அனுமதி இல்லை. நல்ல நியாயம்! காக்கிறவன் உள்ளே போகக் கூடாதாம்.

மாமாவின் ஒரே மகள் விஜிதாவுக்கும் அங்கேதான் மருந்து அடுக்கும் வேலை. தாயில்லாப் பிள்ளை. அன்றிரவு லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில் ஒற்றை அறையான தங்கள் காம்பராவில், தனியாகப் படுத்திருந்தாள்.

ஒன்று முப்பத்தாறு. தூரத்தில் மலை உறுமியது. பச்சை மண்ணின் வாடை… அடுத்த நிமிடம் 'டிக்'. திரையில்: விஜிதா, உள்ளே. மாமா குடையோடு ஓடுவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. மழைக்குப் பயந்து பிள்ளை ஓடி வந்துவிட்டாள் என்று நினைத்தார்.

விடிந்தபோது லயத்தின் மேல் மலை கிடந்தது. பாதை அடைபட்டு, கதவைத் திறக்கப் பதுளையிலிருந்து களஞ்சிய அதிகாரியோ மற்ற வேலையாட்களோ வர வழியில்லை. போன் அழைப்பும் போகவில்லை. மண் தோண்ட வந்தவர்களிடம் மாமா ஓடினார்.

"எங்க காம்பராவ விட்டுட்டு மத்தவங்களப் பாருங்க தம்பி. எம்புள்ள களஞ்சியத்துல பத்திரமா இருக்கா."

திரையில் பெயரைப் பார்த்தார்கள். நம்பினார்கள். யார்தான் நம்பமாட்டார்கள்?

இரண்டு நாள் மாமா அந்த இரும்புக் கதவடியிலேயே கிடந்தார். உள்ளே, அதே பொத்தானில் திறக்கும் குளிர் அறைக் கதவு அவ்வப்போது 'டிக்' என்னும். ஒவ்வொரு முறையும் திரையில் அவள் பெயர்.

"பசிக்குதா தாயி? ஒரு வார்த்த பேசு தாயி…"

 மண் சரிவதற்கு முந்தின நாள் எதற்கோ அவளை ஏசியிருந்தாராம். அந்தக் கோபத்தில்தான் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்தார். கதவிடுக்கில் ரொட்டியைத் தள்ளிவிட்டுக் காத்திருந்தார். பாவி மனுசன்…

மூன்றாம் நாள் அதிகாரி நடந்தே வந்து கதவைத் திறந்தார். குளிர். மருந்து வாடை. தள்ளிய ரொட்டிகள் தள்ளிய இடத்திலேயே… ஆள் இல்லை.

மாமா கத்திக்கொண்டு லயத்துக்கு ஓடினார். வெறுங்கையால் தோண்டினார். பிறகு எல்லோரும் சேர்ந்தார்கள். அவருடைய காம்பராவில் கூரைத் தகரம் சாய்ந்து, ஓர் ஆள் முடங்கிக் கிடக்க இடம் இருந்தது. விஜிதா அங்கேதான் இருந்தாள். பெரிய காயம் எதுவுமில்லை.

"இன்னைக்குக் காலையிலதான் உயிர் போயிருக்கு" என்றார் டாக்டர், மாமாவின் முகத்தைப் பார்க்காமல்.

கையில் போன். விரல்களைப் பிரித்துத்தான் எடுத்தார்கள். பிறகு ரமேஸ் அதற்குச் சார்ஜ் போட்டுப் பார்த்தான். கதவு திறக்கும் பொத்தானை அவள் பதினேழு முறை அழுத்தியிருந்தாள். களஞ்சியத்துத் திரையிலும் பதினேழு. கடைசி முறை, அந்த மூன்றாம் நாள் காலை ஐந்தேகால்.

அந்த நேரம்… மாமா இரும்புக் கதவில் காதை வைத்து, "கோவம் தீந்ததும் வா தாயி, அப்பா இங்கனதான் நிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.